கல்லீரல் திசு உருண்டைகளில் மரபணுத் திருத்தச் சோதனை: ஒரு சேவையின் மதிப்புரை

கல்லீரலுக்கென நாங்கள் உருவாக்கிவரும் மரபணுத் திருத்த மருந்தின் பாதுகாப்பை அறிய, மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்த கல்லீரல் திசு உருண்டைகளில் சோதித்துத் தரும் ஓர் ஒப்பந்த ஆய்வகத்தை நாடினோம். எலிகளில் ஏற்கெனவே சோதித்திருந்தோம். ஆனால் டிஎன்ஏவை வெட்டித் திருத்த உதவும் கேஸ்9 நொதி, குறித்த இடத்தை விட்டு வேறெங்கே தவறி வெட்டும் என்பது டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் பொறுத்தது. எலியின் வரிசை வேறு, மனிதரின் வரிசை வேறு என்பதால், இந்தக் கேள்விக்கு எலியிடம் முழு விடை கிடையாது.

திசுவின் தரத்தில் எனக்கு முழு நிறைவு. தட்டில் ஒற்றைப் படலமாக வளர்க்கும் கல்லீரல் உயிரணுக்கள் சில நாட்களிலேயே தம் இயல்பை இழக்கத் தொடங்கிவிடும். இங்கோ, கல்லீரல் உருவாக்கும் புரதமான அல்புமினின் சுரப்பு நான்காம் வாரத்திலும் தளரவில்லை. மூன்று கொடையாளர்களின் உயிரணுக்களைத் தனித்தனியே பயன்படுத்தியது பாராட்டத்தக்கது, ஏனெனில் ஒருவரிடம் உள்ள ஓரெழுத்து மாற்றமே புதியதொரு வெட்டிடத்தை உண்டாக்கிவிடக்கூடும்.

குறை வேறிடத்தில் இருந்தது. மருந்தைச் சுமந்து செல்லும் கொழுப்பு நுண்துகள்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றியிருந்தோம். அவர்கள் அனுப்பிய குறுக்குவெட்டுப் படத்தில் ஒளி விளிம்பில் மெல்லிய வளையமாக மட்டுமே தெரிந்தது. நடுப்பகுதி இருண்டு கிடந்தது. உருண்டை பெரிதாக வளர்ந்துவிட்டால் மருந்து மட்டுமல்ல, ஆக்சிஜன்கூட மையத்தைச் சென்றடையாது. அப்படியிருக்க, முழு உருண்டையையும் அரைத்துக் கணக்கிட்ட, தவறான இடத்தில் விழுந்த வெட்டுகளின் விகிதத்தை “மிகக் குறைவு” என்று அறிக்கையில் எழுதியது எனக்கு ஏற்புடையதன்று. மருந்தே சேராத உயிரணுக்களையும் சேர்த்து வகுத்தால் எந்த விகிதமும் குறைவாகத்தான் தெரியும்.

இன்னொன்று இதைவிடக் கவலைக்குரியது. வெட்டிடத்தைச் சுற்றிச் சில நூறு எழுத்துகளை மட்டும் பெருக்கிப் படித்திருந்தார்கள். கேஸ்9 வெட்டிய இடத்தில் பல ஆயிரம் எழுத்துகள் அழிந்துபோகக்கூடும் என்பது 2018-லேயே ஆய்வில் வெளிவந்துவிட்டது. அத்தகைய பெரிய இழப்பில், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கத் தொடக்கப் புள்ளியாக அமையும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் இடமும் சேர்ந்து போய்விட்டால், அந்த டிஎன்ஏ நகல் பெருகாது, கணக்கிலும் வராது. அதாவது மிக மோசமான சேதமே முதலில் கண்ணுக்கு மறைகிறது. நோயாளியின் உடலில் செலுத்தப்போகும் மருந்துக்கு இந்த அரைகுறை வாசிப்பு போதவே போதாது. நீண்ட டிஎன்ஏ துண்டுகளை ஒரே தொடராகப் படிக்கும் நீள வாசிப்பு வேண்டும் என்று கேட்டபோது மறுக்காமல் செய்து தந்தார்கள், ஆனால் கூடுதல் கட்டணத்துக்கு.

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் இல்லாத இந்த உருண்டைகள் கேஸ்9-ஐ உடல் எதிர்க்குமா என்பதைச் சொல்லமாட்டா. ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் புற்றுநோய் அபாயத்தையும் சில வாரச் சோதனையில் கண்டறிய முடியாது. அவற்றுக்கு வேறு சோதனைகள் உண்டு.

அடுத்த தொகுதியையும் இதே ஆய்வகத்துக்குத்தான் அனுப்புகிறோம். இம்முறை உருண்டையின் உச்ச அளவு, மருந்து சேர்ந்த உயிரணுக்களைப் பிரித்தெடுத்த பின்னரே கணக்கிடுதல், நீள வாசிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம்.