மட்டக்களப்பில் நாய்க்குட்டி எங்கே எடுக்கலாம்? அயல்வீடு, தெரு, பேஸ்புக், கெனல்

"ஒரிஜினல் ரொட்வைலர் குட்டி, கடுவன் மட்டும், டெலிவரி உண்டு, விலைக்கு இன்பொக்ஸ்." மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து பேஸ்புக் குழுக்களில் இப்படி ஒரு பதிவு அடிக்கடி கண்ணில் படும். விலையை வெளியில் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு: தனியாட்கள் உயிருள்ள விலங்குகளை விற்பதை பேஸ்புக் தன் விதிகளிலேயே தடைசெய்திருக்கிறது. ஆக, முதல் வரியிலேயே விதியைச் சுற்றிப்போகிற ஒருவரிடம்தான் பத்துப் பன்னிரண்டு வருசம் வீட்டில் இருக்கப்போகிற ஒரு உயிரை வாங்கப் போகிறோம்.

இங்கே நாய் எடுக்க நாலு வழி இருக்கிறது. அயலிலோ சொந்தக்காரர் வீட்டிலோ போட்ட குட்டி, தெருவில் இருந்து காப்பாற்றிய நாய், இணையத்திலோ கடையிலோ விற்பவர், கெனல் சங்கத்தில், அதாவது சாதி நாய்களின் பரம்பரையைப் பதிகிற சங்கத்தில், பதிந்து முறையாக வளர்ப்பவர். நாலையும் ஒரே கேள்வியால் அளக்கலாம். தாய் எங்கே? அதை நேரில் பார்க்க முடியுமா?

அயல்வீட்டையும் பேஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரையம்பதியிலோ செங்கலடியிலோ தெரிந்த வீட்டில் குட்டி போட்டிருந்தால், தாய் வளவில் நிற்கும். உங்களைக் கண்டு குரைக்கும், அல்லது வாலை ஆட்டும். அதன் குணம் அங்கேயே தெரிந்துவிடும். யாரைக் கடித்தது, என்ன சாப்பிடுகிறது, போன ஈற்றில் எத்தனை குட்டி தப்பியது என்று மாமியிடம் கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். விற்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் இப்படிப் போகும்:

"அண்ணே, தாயைப் பாக்கலாமா?"

"தாய் வேற இடத்தில நிக்குது தம்பி. வீடியோ அனுப்புறன்."

"நான் அங்கயே வந்து பாக்கிறனே."

"அது கஸ்டம். நீங்க காசைப் போட்டா பஸ்ஸில ஏத்தி விடுறன். நாளைக்கு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க."

வீடியோவில் எந்தத் தாயும் வரும். "நாளைக்கு ரெண்டு பேர்" என்பதும் எல்லாருக்கும் சொல்வதுதான். தாயைக் காட்டாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் வெறும் தரகர், குட்டிகள் எங்கிருந்து வந்தன என்று அவருக்கே சரியாகத் தெரியாது. மற்றது, தாய் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை. பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஒவ்வொரு பருவத்திலும் கடுவன் சேர்த்தால் வருசத்துக்கு இரண்டு ஈற்று எடுக்கலாம். காசு பார்க்கிறவர் அதைத்தான் செய்வார். அந்தத் தாய்க்கு முலைகள் தொங்கி, விலா எலும்பு தெரிந்து, முடி கொட்டிப் போயிருக்கும். இந்த நிலையை வாங்க வந்தவர் கண்ணில் படவிடாமல் இருப்பதுதான் அவருடைய வியாபாரத்தின் பாதி.

குட்டியின் வயதிலும் பொய் நடக்கும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடம் இருந்து பிரிக்கக் கூடாது. பாலுக்காக மட்டுமில்லை, எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடம்தான் படிக்கிறது. ஐந்து வாரக் குட்டி பஞ்சுப் பொம்மை போல இருப்பதால் சீக்கிரம் விலைபோகும், தீனிச் செலவும் மிச்சம். "ரெண்டு மாசம்" என்று சொன்னால் வாயைத் திறந்து பாருங்கள். பால்பற்கள் மூன்று, நாலு வாரத்தில் முளைக்கத் தொடங்கி எட்டு வாரமளவில் 28உம் வந்திருக்கும். பின்பக்கம் வெறும் முரசாக இருந்தால் சொன்ன வயது பொய். அதே நேரத்தில் முரசின் நிறத்தையும் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிப்போய், வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் புழு. வாலைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றோட்டம் இருக்கிறதா என்று தெரியும். காதுக்குள் கறுப்புத் தூள் மாதிரி அழுக்கும் நாற்றமும் இருந்தால் காதுச் செள்ளு. இவ்வளவையும் பார்க்க இரண்டு நிமிசம் போதும். பஸ்ஸில் அட்டைப்பெட்டிக்குள் வருகிற குட்டியில் இதில் ஒன்றையும் காசு கட்டுவதற்கு முன் பார்க்க முடியாது.

தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். மருந்துக் குப்பியில் இருந்து உரித்த ஸ்டிக்கர், திகதி, வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேனையால் "ஊசி போட்டாச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. ஒழுங்காகப் போட்டாலும் ஒரு ஊசியோடு காரியம் முடியாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நாலு வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலைசெய்ய விடாமல் மறித்துவிடும் என்பதால்தான் இந்த முறை. விற்பவர் "ஃபுல் வக்சினேட்டட்" என்று ஏழு வாரக் குட்டியைக் காட்டினால், அந்தச் சொல்லிலேயே பிழை இருக்கிறது.

இதுவரை அயல்வீட்டை உயர்த்தித்தான் பேசினேன். அங்கேயும் எல்லாம் சுத்தமில்லை. குட்டி போட்ட வீட்டில் கடுவன்கள் முதல் கிழமையிலேயே பேசி முடிந்துவிடும். பெட்டைகளை யாரும் கேட்பதில்லை. கண் திறந்த கையோடு அவற்றை உரப்பையில் போட்டுச் சந்தைப் பக்கமோ, கோயிலடியிலோ, கடற்கரையிலோ விட்டுவிட்டு வருகிறவர்கள் பேஸ்புக் வியாபாரிகள் இல்லை. நமக்குத் தெரிந்த, நல்ல மனிதர்கள்தான். தப்பிய ஒன்றிரண்டு அடுத்த வருசம் அதே சந்தையில் குட்டி போடும். கட்டாக்காலி நாய்த் தொல்லை என்று பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதும்போது இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை.

அதனால் அயலில் எடுப்பதென்றால் பெட்டையைக் கேளுங்கள். பெட்டை காவல் காக்காது என்பது வெறும் பேச்சு. வளவுக்குள் வேற்று ஆள் கால்வைத்தால் பெட்டையும் கடுவன் அளவுக்கே குரைக்கும், வெளியில் அலைவது பெரும்பாலும் குறைவு. ஆறு மாதமளவில் கருத்தடை செய்துவிட்டால் படலைக்கு முன்னால் கடுவன்கள் கூட்டம்போட்டுச் சண்டைபிடிப்பதும் இல்லை, பிறகு குட்டிகளை எங்கே விடுவது என்ற தலையிடியும் இல்லை. அந்தத் தாய்க்கும் சேர்த்துக் கருத்தடை செய்யச் சொல்லி, செலவில் பாதியைத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். குட்டியின் விலை அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால், விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள், கருத்தடை முகாம் ஏதும் வருகிறதா என்று சொல்வார்கள். "மாட்டு டொக்டர்தானே" என்று நம் ஆட்கள் அந்த வாசலை மிதிக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

தெரு நாய் இரண்டாவது வழி. கொழும்பை மையமாக வைத்து எம்பார்க் என்ற அமைப்பு 2007இல் தொடங்கித் தெருக் குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிறது. நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் தனியாட்கள் செய்கிறார்கள். பின்னேரத்தில் சட்டியோடு சோறு கொண்டுபோய் வைக்கிற அக்காமார், காயப்பட்டதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிற பொடியன்கள். இவர்களிடம் எடுப்பதில் ஒரு வசதி: வளர்ந்த நாய் கிடைக்கும். குட்டி எப்படி வளரும் என்பது கொஞ்சம் சூதாட்டம்தான். இரண்டு வயது நாயின் உயரம், குணம், பிள்ளைகளோடு பழகும் விதம் எல்லாம் இன்றைக்கே தெரியும். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதுதான் நல்லது என்பேன். எடுத்ததும் வைத்தியரிடம் காட்டி, உண்ணியால் வருகிற காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மறைவிடத்தில் பூக்கோசு மாதிரிக் கட்டி இருந்தால் பயந்து திருப்பி விட வேண்டாம். தெரு நாய்களுக்குள் இனச்சேர்க்கையால் பரவுகிற அந்தக் கட்டி, கிழமைக்கு ஒன்றாகச் சில ஊசி போட்டால் பெரும்பாலும் சுருங்கிப் போய்விடும்.

தெருவில் நேரே தூக்குகிற குட்டி மட்டும் கவனம். குட்டிக்கும் விசர் வரும். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிசம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நாய்க்கடி ஊசி அரச ஆஸ்பத்திரியில் இலவசம். "பால்குடிக் குட்டிதானே" என்று விடக்கூடாது.

இந்த வழியிலும் கள்ளம் உண்டு. "அடொப்ஷன்" என்று போட்டுவிட்டு, மாதத்துக்கு மாதம் லப்ரடோரும் பொமேரியனுமாக இறக்குகிறவர் காப்பாற்றுகிறவர் இல்லை, விற்பவர். ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆன செலவைக் கேட்பது நியாயம். துண்டைக் காட்டச் சொன்னால் உண்மையானவர் காட்டுவார்.

பெட் கடையைப் பற்றி எழுத அதிகமில்லை. மீன்தொட்டிக்கும் கிளிக்கூட்டுக்கும் நடுவில் கம்பிக்கூட்டில் இருக்கிற குட்டிக்குத் தாயும் தெரியாது, பிறந்த திகதியும் தெரியாது. பாவம் பார்த்து வாங்கினால் அந்தக் கூட்டுக்கு அடுத்த கிழமை இன்னொன்று வரும்.

கெனல் சங்கத்தில் பதிந்த வளர்ப்பவரைப் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு மயக்கம். ஒன்று, பேப்பர் இருந்தால் நாய் ஆரோக்கியம் என்பது. பெடிகிரிச் சான்றிதழ் பரம்பரையை மட்டும் சொல்லும். அல்சேஷனுக்கும் லப்ரடோருக்கும் இடுப்பு மூட்டு நழுவுகிற பரம்பரை வியாதி உண்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று தனியாகக் கேட்க வேண்டும். மற்றது, விலை கூடினால் நல்ல ஆள் என்பது. நல்ல வளர்ப்பவரை அவர் உங்களிடம் கேட்கிற கேள்விகளில் கண்டுபிடிக்கலாம். மதில் இருக்கிறதா, பகலில் யார் வீட்டில், முந்தைய நாய்க்கு என்ன நடந்தது என்று துருவுவார். ஒன்றோ இரண்டோ இனம்தான் வைத்திருப்பார். இப்போது குட்டி இல்லை, ஆறு மாதம் பொறுங்கள் என்பார். வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவா என்று எழுதித் தருவார். பேஸ்புக் வியாபாரி இதில் ஒன்றையும் கேட்கமாட்டார். அவர் கேட்பது வங்கிக் கணக்குக்குக் காசு எப்போது வரும் என்பதைத்தான். இப்படியான வளர்ப்பவரைத் தேடி நீங்கள் கொழும்புப் பக்கம் போக வேண்டி வரலாம். 300 கிலோமீற்றருக்கு மேல். "பாதி வழிக்கு வந்து பஸ் ஸ்டாண்டில வச்சுத் தாறன்" என்று அவர் சொன்னால், தாயை மறைக்கிற பழைய கதை திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம்.

சாதி நாய் எடுக்க எனக்குத் தெரிந்து ஒரே நியாயம், அந்த இனத்தின் வேலை உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படுவது. அழகுக்காக எடுப்பதென்றால் நம் ஊர் வெயிலைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஆனி, ஆடி மாதத்தில் இரட்டை முடிப் போர்வையோடு ஒரு ஹஸ்கியைக் காத்தாடிக்குக் கீழே கட்டிவைப்பதும், மூக்கு சப்பிய பக் மூச்சுக்குத் திணறுவதும் பார்க்கச் சகிக்காது. ஊர் நாய்க்கு முடி குட்டை, மூக்கு நீளம். வேப்பமர நிழலும் ஒரு சட்டித் தண்ணீரும் போதும்.

சட்டம் காப்பாற்றும் என்று எண்ணி வாங்க வேண்டாம். விலங்குகளை வதைப்பதற்கு எதிராகப் பிரித்தானியர் காலத்தில், 1907இல் எழுதிய சட்டத்தில் உள்ள அபராதம் கூடியது 100 ரூபாய். நோய்க் குட்டியை விற்றவரை அது ஒன்றும் செய்யாது. காசு திரும்பி வருவதும் அவர் மனதைப் பொறுத்தது.

எங்கே எடுத்தாலும் அயலையும் யோசிக்க வேண்டும். தமிழ், முஸ்லிம் வளவுகள் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்கள் இங்கே நிறைய. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்பது ஷாபி வழி வந்த முஸ்லிம்களின் மார்க்க முறை. படலையைத் திறந்துவிட்டு "அது ஒண்டும் செய்யாது" என்று சொல்வது அந்த வீட்டுக்காரருக்குப் பதிலாகாது. மதில் இல்லாத வளவென்றால் முதலில் வேலியைக் கட்டுங்கள், பிறகு குட்டியைத் தேடலாம்.

கடைசியாக ஒரு விசயம், இதை ஒரு விற்பவரும் உங்களிடம் கேட்கமாட்டார். போன வருசம் உங்கள் வளவில் ஒரு குட்டி இரத்த வயிற்றோட்டத்தில் செத்ததா? அது பெரும்பாலும் பார்வோ. அந்த வைரஸ் நிழலான மண்ணில் ஒரு வருசம் வரை கிடக்கும். சீமெந்து நிலமென்றால் குளோரின் கரைத்துக் கழுவலாம். நம் வளவுகள் மணல். மணலைக் கழுவ முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, எவ்வளவு நல்ல இடத்தில் இருந்து வந்தாலும், ஊசி முடியாத குட்டி சரிவராது. தடுப்பூசி முழுக்கப் போட்ட வளர்ந்த நாயாகப் பார்த்து எடுங்கள்.