குட்டியானை ஸ்டிக்கருக்கு கிளியர் ஸ்ப்ரேயா, லேமினேஷனா?

எங்கள் செக்கு எண்ணெய்க் கடையின் குட்டியானை சரக்கு வண்டிக்கு இதுவரை மூன்று முறை வினைல் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. முதலில் வெறும் பிரிண்ட். அடுத்து, பிரிண்டின் மேல் கிளியர் ஸ்ப்ரே, அதாவது நிறமில்லாத பூச்சு. மூன்றாவது லேமினேஷன், அதுதான் இன்று வண்டியில் இருக்கிறது. மை இழுபடாமல் இருக்க எது நல்லது என்று கேட்டால் லேமினேஷன் என்றுதான் சொல்வேன். வண்டியைத் தினமும் துடைக்க வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் காரணம்.

கடைக்குள் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒட்டுவதை யாரும் தொடப்போவதில்லை. அதற்கு வெறும் பிரிண்ட் போதும், கூடுதல் காசு வேண்டாம். வண்டி அப்படியில்லை. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று சுற்றி வந்தால் உடம்பெல்லாம் தூசி. அதன் மேல், கேன் ஏற்றி இறக்கிய கையில் இருந்த கடலை எண்ணெய்.

முதல் ஸ்டிக்கரைச் சித்திரைத் திருவிழா அவசரத்தில், காலையில் அடித்து மத்தியானமே ஒட்டினோம். சில வாரம் கழித்து, பின்கதவில் பிசுக்குப் போகவில்லை என்று கடைப் பையன் பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு இழு இழுத்தான். செல் நம்பரின் கடைசி இரண்டு எண்களும் சிவப்புக் கோடாக நீண்டுவிட்டன. பாதிச் சிவப்பு துணியில் இருந்தது. பையன் முகம் வாடிவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்டிக்கர் கடைகளில் பெரும்பாலும் ஓடுவது ஈகோ சால்வென்ட் மை. அதிலிருக்கும் கரைப்பான் வினைலின் மேற்பரப்பை லேசாக இளக்கி, நிறத்தை அதில் பிடிக்கவைத்துவிட்டு ஆவியாகிவிடும். நன்றாகக் காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. பெட்ரோலோ தின்னரோ பட்டால் மறுபடி இளகிவிடும்.

இரண்டாம் முறை கிளியர் ஸ்ப்ரே. செலவு குறைவு, ரிவெட், மடிப்பு எல்லாவற்றின் மேலும் படியும், ஓரம் பிரியும் என்ற பேச்சே இல்லை. ஆனால் நாங்கள் வாங்கிய ஸ்ப்ரே, தின்னர் கலந்த லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) வகை. ஒரே இடத்தில் கனமாக அடித்ததும் கறுப்பு எழுத்தின் ஓரம் கசிந்து மஞ்சளில் இறங்கியது. மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்று பொறுமையாக அடித்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. தண்ணீரில் கலந்த லேமினேட் திரவமும் உண்டு, அது மையை அவ்வளவாக இளக்காது என்கிறார்கள். நான் போட்டதில்லை.

லேமினேஷன் என்பது மெல்லிய, நிறமில்லாத பிலிம். மெஷின் உருளையில் விட்டுப் பிரிண்டின் மேல் அழுத்தி ஒட்டுவார்கள். அதன்பின் துணி படுவது பிலிமில்தான், மையில் இல்லை. வெயிலில் நிறம் வெளுப்பதும் குறையும்.

ஆனால் இதிலும் அவசரப்பட்டால் கெட்டுவிடும். மூன்றாம் முறை சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அடித்த ஷீட்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார் அந்தத் தம்பி. "இப்பவே லேமினேஷன் போட்டுக் குடுங்க தம்பி" என்றேன். ஷீட்டின் நுனியை என் மூக்கருகே பிடித்தார். "இன்னும் வாசம் அடிக்குது பாருங்கண்ணே. நாளைக்குச் சாயங்காலம் வாங்க." வாசம் வருகிறது என்றால் கரைப்பான் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதன் மேல் பிலிமை ஒட்டினால் ஆவி வெளியேற வழியில்லாமல் கீழே இருக்கும் பசையை இளக்கும். மூலை சுருளும், பிலிம் கொப்புளித்து எழும். அதனால் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48, காற்றாடத் தொங்க வேண்டும். இறுக்கிச் சுருட்டி வைத்தால் உள்சுற்று காயவே காயாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஒரு நாள் கூடவே விடுங்கள்.

பிலிமும் வினைலும் ஒரே வகையாக இருக்கட்டும். தட்டையான கதவுக்குச் சாதாரண வகை போதும். ஆழமான வளைவு, நெளிவு உள்ள இடத்துக்கு வளைவோடு படிந்து நிற்கும், விலை கூடிய காஸ்ட் வகை இரண்டுக்கும் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் ஒட்டியது மெல்ல எழும்பிவிடும்.

யுவி பிரிண்ட் என்று ஒன்று உண்டு, அடித்த உடனே புற ஊதா விளக்கொளியில் காய்ந்துவிடும், காத்திருக்க வேண்டாம். கடைவாசல் பலகைக்கு அதைத்தான் போட்டேன், நன்றாக இருக்கிறது. மை கெட்டியாகப் படிவதால் வளைத்து இழுத்து ஒட்டும்போது விரிசல் விடக்கூடும் என்பதால் வண்டிக்குப் போடத் துணியவில்லை.

இப்போது பையன் சோப்புத் தண்ணீரும் பழைய பருத்தி வேட்டித் துணியுமாக ஐந்து நிமிஷத்தில் துடைத்துவிடுகிறான். பெட்ரோலை இன்னும் அனுமதிப்பதில்லை, வெட்டிய ஓரங்களில் மை பிலிமுக்கு வெளியே தெரிகிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டால், பிரஷர் தண்ணீரை ஓரத்தில் நேராக அடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்றே சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் பக்கக் கதவில், சாவி உரசும் இடத்தில் மட்டும் பிலிமில் கீறல் விழுந்திருக்கிறது. விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், அடியில் சிவப்பு அப்படியே இருக்கிறது.