சி-ரெடியூஸும் சி-வைஸும்: பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே கிராஷ் ஆகிறது என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் கேட்பது "ஃபைல் எவ்வளவு பெரிசு?" என்றுதான். மூல ஃபைல் இருநூறு வரிதான் இருக்கும். ஆனால் அது இழுத்துக்கொண்டு வரும் ஹெடர் (பொது அறிவிப்பு ஃபைல்) எல்லாவற்றையும் ப்ரீபிராசஸ் செய்து, அதாவது உள்ளேயே விரித்து, ஒரே ஃபைலாக்கினால் லட்சம் வரியைத் தாண்டிவிடும். அதில் கம்பைலரைக் கவிழ்ப்பது பத்துப் பதினைந்து வரி. அந்த வரிகளைத் தேடிப்பிடிக்கும் வேலையைத்தான் நான் பல வருஷமாக சி-ரெடியூஸிடமும், பிற்பாடு சி-வைஸிடமும் ஒப்படைத்து வருகிறேன்.

நான் வேலை செய்வது சிங்கப்பூரில், ஒன்-நார்த் வட்டாரத்தில், எல்எல்விஎம் என்ற திறந்த மூலக் கம்பைலர் கட்டமைப்பின் மேல் கட்டிய ஒரு கம்பைலரைப் பராமரிக்கும் சின்னக் குழுவில். வாடிக்கையாளர் தரும் பிழைகளில் பாதி எங்கள் சேர்க்கையால் வருபவை. மீதி மூல எல்எல்விஎம் திட்டத்திலேயே இருப்பவை. அவற்றை அங்கேதான் பதிய வேண்டும். சரிசெய்யக்கூடியவர் கலிபோர்னியாவில் இருந்தால் நமக்கு மாலை ஆறு மணி, அவருக்கு விடியற்காலை. அவர் "இந்த ஹெடர் இல்லாமல் வருகிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் ஒரு நாள் போச்சு. நாலு கேள்வி கேட்டால் வாரமே போச்சு. கேள்விக்கே இடமில்லாத அளவுக்குச் சின்னதாக அனுப்பினால்தான் வேலை நடக்கும்.

இந்த உத்தி புதிதல்ல. ஆண்ட்ரியாஸ் செல்லர் 1999-இல் 'டெல்டா டீபக்கிங்' என்ற பெயரில் இதை முன்வைத்தார். 2002-இல் ரால்ஃப் ஹில்டெபிராண்டுடன் எழுதிய கட்டுரையில் மொசில்லா உலாவியைக் கவிழ்த்த 896 வரி எச்டிஎம்எல் பக்கம் ஒரே வரியாகச் சுருங்கியது. ஃபைலைத் துண்டு போடு, ஒரு துண்டை எடுத்துவிட்டுப் பார், பிழை இன்னும் வருகிறதா, அப்படியானால் அந்தத் துண்டு வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் சி மொழி இதற்கு லேசில் வளைந்து கொடுக்காது. வரியை மட்டும் வெட்டினால் அடைப்புக்குறி பொருந்தாது. ஃபங்ஷனுக்கு ஒரு பராமீட்டரை எடுத்தால் அதைக் கூப்பிடும் இடமெல்லாம் மாற வேண்டும். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழு செய்த சி-ரெடியூஸ் இதைப் புரிந்து செய்கிறது. எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்கின் பாகுபடுத்தியைப் பயன்படுத்தி ஃபங்ஷனை இன்லைன் செய்யும் (கூப்பிட்ட இடத்திலேயே விரிக்கும்), டெம்ப்ளேட்டை உடைக்கும், பெயரை மாற்றும். அவர்களுடைய 2012 கட்டுரை, அப்போது கம்பைலர்காரர்கள் அதிகம் பயன்படுத்திய கருவியைவிடத் தங்கள் விடை சராசரியாக 25 மடங்குக்கு மேல் சின்னது என்று சொல்கிறது. என் கையனுபவத்தில் அதை நம்பத் தயக்கமில்லை. சி-வைஸ் என்பது பெர்லில் எழுதிய அதே கருவியைப் பைத்தானுக்குக் கொண்டுபோனது. எனக்கு இப்போது அன்றாடப் புழக்கத்தில் இருப்பது அதுதான்.

கருவிக்கு இரண்டு பொருள் கொடுக்க வேண்டும். ஒன்று ஃபைல். இன்னொன்று "இது இன்னும் சுவாரஸ்யமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். ஆம் என்றால் 0, இல்லை என்றால் வேறு எண். ஒவ்வொரு முயற்சிக்கும் கருவி ஒரு தற்காலிக டைரக்டரி உண்டாக்கி, அதில் வெட்டிய ஃபைலை வைத்து ஸ்கிரிப்ட்டை ஓட்டும். ஆகவே மற்ற ஃபைல்களின் பாதையை முழுதாக எழுத வேண்டும், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே "மூல ஃபைலே சுவாரஸ்யமாக இல்லை" என்று நின்றுவிடும்.

இந்தக் கருவியின் தரம் என்பது பெரும்பாலும் நீங்கள் எழுதும் அந்த ஸ்கிரிப்ட்டின் தரம்தான். வேலை ஏவிய பூதம் மாதிரி, சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. "கம்பைலர் தோல்வியடைய வேண்டும்" என்று மட்டும் எழுதினால் சில நொடியில் ஒரே ஓர் அடைப்புக்குறியை நீட்டி "இந்தா, தோல்வி" என்று நிற்கும். சிண்டாக்ஸ் எரரும் தோல்விதானே! "கிராஷ் ஆக வேண்டும்" என்று எழுதினால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பெரிய கம்பைலரில் கிராஷ் ஆக வழிகள் நிறைய. வெட்டிக்கொண்டே போகும்போது முதல் பிழையிலிருந்து நழுவி இரண்டாவது பிழைக்குப் போய்விடும். அப்புறம் நீங்கள் கண்டுபிடிப்பது வாடிக்கையாளருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை.

எங்கள் குழுவுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு தம்பிக்கு இதைக் காட்டினேன். வாடிக்கையாளர் அனுப்பிய ஒரு பட வடிகட்டி நிரல். லூப்பை வெக்டராக்கும் (பல எண்களை ஒரே கட்டளையில் கையாள வைக்கும்) பாஸில், அதாவது கம்பைலரின் ஒரு கட்டத்தில், அசர்ஷன் விழுகிறது: கம்பைலர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு சோதனை பொய்த்து நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட்டில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான். முதல் வரி, எங்கள் கம்பைலரைப் பத்து விநாடி டைம்அவுட்டுடன் ஓட்டி, எரர் வெளியீட்டை ஒரு ஃபைலில் பிடிப்பது. இரண்டாவது, அதில் அந்த அசர்ஷன் வாசகம் அப்படியே இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேடுவது. மூன்றாவது, அதே நிரலை வேறொரு கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்கிறதா என்று பார்ப்பது.

"அண்ணே, ரெண்டாவது வரியே போதுமே, மூணாவது எதுக்கு?" என்றான். நல்ல கேள்வி. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரின் பிழைப் பதிவேட்டில் செல்லுபடியாகும் நிரலில் கிராஷ் ஆவதற்கும் செல்லாத நிரலில் கிராஷ் ஆவதற்கும் தனித்தனி அடையாளச் சொல் உண்டு. இரண்டாவது வகையை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை. கருவிக்கு நிரல் செல்லுமா செல்லாதா என்ற கவலை இல்லை. அறிவிக்காத பெயரை விட்டுவைத்துவிட்டு, கம்பைலர் எரர் சொல்லிச் சமாளிக்கும் பாதையில் போய் விழுந்தாலும் அதற்குச் சரிதான். அந்த மூன்றாவது வரிதான் அதைக் கட்டிப்போடுகிறது.

வரிகளின் வரிசையும் முக்கியம். சுருக்கும்போது ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்கான தடவை ஓடும், பெரும்பாலும் "இல்லை" என்றே முடியும். எந்தச் சோதனை சீக்கிரம் "இல்லை" சொல்லுமோ அது முதலில் நிற்க வேண்டும். எதை முன்னே வைத்தால் வேகம் என்று ஆரம்பத்திலேயே அளந்து பார்த்துவிடுவது நல்லது.

அன்று திரையில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் சில நிமிடங்களில் சதவீதம் சரசரவென்று இறங்கியது. பயன்படுத்தாத ஹெடர் ஃபங்ஷன்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. சாப்பிட்டுத் திரும்பியபோது லட்சம் வரி சில நூறு வரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நத்தை வேகம். கடைசி ஒரு சதவீதத்துக்குத்தான் மீதி மாலை முழுதும் போனது. முடிவில் மிஞ்சியது: இரண்டு அரே, ஒரு லூப், அதற்குள் ஒரு வலப்பக்க ஷிஃப்ட், அதன் விடையை எட்டு பிட்டாகக் குறுக்கும் ஒரு காஸ்ட். பெயரெல்லாம் ஓரெழுத்து. கிளாஸ் இல்லை, டெம்ப்ளேட் இல்லை, வடிகட்டியும் இல்லை. வெக்டர் பாஸைப் பார்த்துக்கொள்ளும் சீனத் தோழரிடம் காட்டினோம். எட்டு பிட்டைப் பார்த்ததுமே எந்த ஃபங்ஷன் என்று சொல்லிவிட்டார். லட்சம் வரியோடு போயிருந்தால் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார், நானும் அப்படித்தான் சொல்வேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது. இதுவரை கிடைத்த மிகச் சின்ன வடிவம் எப்போதும் அந்த ஃபைலிலேயே இருக்கும், மூலத்தின் பிரதி தனியாக இருக்கும். எங்காவது சிக்கி நின்றால் நிறுத்தி, கையால் நாலு இடத்தில் வெட்டி, மறுபடி ஓட விடலாம். கருவிக்குத் தோன்றாத ஒரு வெட்டு மனிதருக்குத் தோன்றும். உதாரணமாக, ஒரு கிளாஸ் முழுவதையும் ஓர் எண்ணாக மாற்றிவிடுவது. அதற்குப் பிறகு அது மறுபடியும் சரியும்.

கிராஷ் என்றால் இவ்வளவு சுகம். தப்பான விடை வரும் பிழை வேறு ரகம். ஆப்டிமைசேஷன் (வேகப்படுத்தல்) இல்லாமல் ஓட்டினால் ஒரு விடை, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் இன்னொரு விடை. ஸ்கிரிப்ட் இரண்டையும் ஓட்டி ஒப்பிட வேண்டும். இங்கேதான் கருவியின் குறும்பு தெரியும். துவக்க மதிப்பை நீக்கிவிடும். விடை திருப்ப வேண்டிய ஃபங்ஷனிலிருந்து ரிட்டர்ன் வரியை எடுத்துவிடும். இரண்டு விடையும் வேறுபடத்தான் செய்யும், ஆனால் குற்றம் கம்பைலருடையது அல்ல. மொழியே "என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்" என்று கைவிட்ட நிரல் அது. இதைத் தடுக்க, துவக்காத மாறி, ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன், அறிவிக்காத ஃபங்ஷன் மூன்றுக்குமான எச்சரிக்கைகளையும் எரராக்கி, ஓடும்போதே மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும், மொழி கைவிட்ட செயல்களைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். முதல் ஓட்டத்திலேயே வைக்க வேண்டும். பாதியில் சேர்த்தால் ஏற்கெனவே சுருங்கியது செல்லாமல் போயிருக்கும். அப்படியும் சானிடைசர் கண்ணில் படாத விஷயங்கள் உண்டு. ஆகவே தப்பான விடைப் பிழையை, சுருக்கிய பிறகும் ஒரு முறை உட்கார்ந்து படிக்காமல் நான் பதிவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. இங்கே வெட்டிய நிரலை நிஜமாகவே ஓட்டுகிறோம். லூப்பின் கவுன்டரை ஏற்றும் வரி போய்விட்டால் அது நிற்காது. நிற்காத லூப் மெமரியும் கேட்டால் சர்வர் மூச்சுத்திணறும். எங்கள் பொது பில்ட் சர்வரில் ஒரு முறை இது நடந்து, பக்கத்துக் குழு நண்பர் "அண்ணே, சர்வரை அடைச்சு வச்சிருக்கிறது உங்க பூச்சிதானா?" என்று கேட்டார். அதிலிருந்து ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே சிபியூ நேரத்துக்கும் மெமரிக்கும் வரம்பு, ஓட்டம் தனியாக அடைத்த கண்டெய்னருக்குள் என்று எழுதி வைத்துவிட்டோம். கருவியிலேயே ஒரு டைம்அவுட் இருக்கிறது, ஆனால் இயல்பாக அது 300 விநாடி. ஒரு விநாடியில் முடியும் சோதனைக்கு அது ரொம்ப அதிகம்.

வீட்டு லேப்டாப்பில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓட்டலாம். ஆனால் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொள்ளும். ஏர்கான் இல்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மத்தியானம் செய்து பார்த்தால் விசிறிச் சத்தத்தில் டிவி கேட்காது. கோர் எண்ணிக்கையைக் குறைக்கும் தேர்வு இருக்கிறது. தற்காலிக டைரக்டரியை மெமரியில் வைத்தால் நல்ல வேகம் கிடைக்கும்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் நிரலை வெளியே காட்ட அனுமதி கேட்டால் சட்டப் பிரிவில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். சுருக்கிய பிறகு பெயர், அமைப்பு, தர்க்கம் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதால், நாலு ஓரெழுத்து மாறிகளோடு பத்து வரியைக் காட்டி அன்றே கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகங்களையும், கமெண்ட்டுகளையும், ஃபைல் பாதை தாங்கிய லைன் மார்க்கர்களையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பாதியில் நிறுத்திய ஃபைலில் இவை தங்கியிருக்கலாம்.

குறை சொல்ல வேண்டுமென்றால், பல ஃபைல் சேர்ந்தால்தான் வரும் பிழைகளில் இது தடுமாறும். ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்க் நேரத்தில் ஆப்டிமைஸ் செய்யும்போது வரும் கிராஷ் அப்படிப்பட்டது. அங்கே நான் எல்எல்விஎம் இடைநிலை வடிவத்தை (சி-க்கும் இயந்திர மொழிக்கும் நடுவே உள்ளது) எடுத்து, அதைச் சுருக்கும் எல்எல்விஎம்-ரெடியூஸிடம் கொடுத்துவிடுவேன். பிழை எந்தப் பாஸில் என்று தெரிந்துவிட்டால் எப்போதுமே அதுதான் வேகம், சி மூலத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. நாலு தடவை ஓட்டினால் ஒரு தடவை மட்டும் வரும் பிழைக்கும் இவை சரிப்படாது. ஸ்கிரிப்ட் பொய் சொன்னால் கருவி அதை நம்பி வெட்டிவிடும்.

சுருங்கிய டெஸ்ட் கேஸ் கையில் வந்ததும் அடுத்தது, எந்தக் கமிட் (பதிந்த மாற்றம்) கெடுத்தது என்று, மாற்ற வரலாற்றைப் பாதிபாதியாகப் பிரித்துப் பார்க்கும் கிட் பைசெக்டில் தேடுவது. அதே ஸ்கிரிப்ட்டைத் திருப்பிப் பயன்படுத்தலாம், ஆனால் அர்த்தம் தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். சி-வைஸுக்கு 0 என்றால் பிழை இருக்கிறது, பைசெக்டுக்கு 0 என்றால் அந்தக் கமிட் நல்லது. பில்ட் ஆகாத கமிட்டுக்கு 125 திருப்பினால் தாண்டிப் போய்விடும். அந்தத் தம்பி இதற்கென்று ஒரு சின்ன உறை ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போனான், இப்போது குழுவில் எல்லோரும் அதைத்தான் ஓட்டுகிறோம்.