எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் லாரி பாலிசி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? டர்பன் நிலவரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லாரி முதலாளிகளுக்கு விற்கும் காம்ப்ரிஹென்சிவ் (முழுக் காப்பு) பாலிசியில் வெள்ளமும் புயலும் பொதுவாகச் சேர்ந்தே வரும். அதைக் காட்டி, "எஞ்சினுக்குள் தண்ணீர் போனாலும் கவலையில்லை" என்று புரோக்கர் சொன்னால் அது பாதி உண்மை. வெள்ளம் லாரியைத் தேடி வந்தால் இந்தப் பாலிசி நன்றாகவே பணம் தரும். லாரி வெள்ளத்தைத் தேடிப் போயிருந்தாலோ, தண்ணீர் வடிந்தபின் யாராவது செல்ஃப் அடித்திருந்தாலோ கதை வேறு.

2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் டர்பனின் தெற்கே பிராஸ்பெக்டன், இசிபிங்கோ யார்டுகளில் நின்ற வண்டிகள் முதல் வகை. டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கியது, கன்டெய்னர்கள் மிதந்து சாலைக்கு வந்தன. அப்படிப்பட்ட நாளில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தகராறெல்லாம் சாதாரண மழை நாளில், பாலத்துக்கடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு ஹார்ஸ் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) இறங்கி நின்றுபோகும்போதுதான். இடையில் ஒன்று: 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பலர் சாஸ்ரியா என்ற அரசு இன்சூரன்ஸ் காப்பை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கிறார்கள். அது கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு மட்டும். வெள்ளத்துக்கு ஒரு சென்ட்கூட வராது.

இன்சூரன்ஸ் அனுப்பும் சேத மதிப்பீட்டாளரான அசெசர் ஏன் இவ்வளவு கிடுக்கிப்பிடி போடுகிறார் என்பது எஞ்சினைப் பார்த்தால் புரியும். 13 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசலில் ஒரு சிலிண்டருக்கு 2.1 லிட்டருக்குச் சற்று மேல். கம்ப்ரஷன் 17:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 130 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். ஓட்டத்தில் தண்ணீர் குடித்த எஞ்சினில் ராடு உடைந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. நின்ற வண்டியில் செல்ஃப் மட்டும் அடித்தாலும் லேசாக வளையலாம். இது இன்னும் மோசம். வண்டி ஓடும், என்3 நெடுஞ்சாலையில் ஜொஹானஸ்பர்க் போய்த் திரும்பவும் செய்யும், சில மாதம் கழித்துக் கவிழ்க்கும். அப்போது கிளெய்ம் போட்டால் 'தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன்' என்ற விலக்கு தயாராக நிற்கும்.

ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் கிளெய்ம் பாதி முடிவாகிவிடுகிறது. "அண்ணே, ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாக்கவா?" என்று டிரைவர் கேட்டால் பதில் ஒன்றே: கூடாது. டிராக்கரில் இக்னிஷன் நேரமும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியுவில் ஃபால்ட் கோடும் பதிவாகியிருக்கும், மறைக்க முடியாது. பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். கேபினிலும் சக்கரத்திலும் தெரியும் தண்ணீர்க் கோட்டை, அது காயும் முன் படம் எடுக்க வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, உள்ளே சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதையும் படம் எடுக்க வேண்டும். நனைந்த ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள், அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. இந்த வரிகளை ஒரு சீட்டில் எழுதிக் கேபினில் ஒட்டுவதானால் டிரைவருக்குப் புரியும் மொழியில், இங்கே பெரும்பாலும் சூலுவில், எழுதுங்கள்.

இழுத்துப் போகும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டையோ ஆக்ஸில் ஷாஃப்டையோ கழற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் ஏறாது, பெட்டி கருகும். அந்தச் செலவை இன்சூரன்ஸ் வெள்ளக் கணக்கில் ஏற்காது. டோயிங்குக்குத் தனி உச்சவரம்பும் இருக்கும். ஹார்ஸோடு லோடு ஏற்றிய சூப்பர்லிங்கையும் (இரட்டை டிரெய்லர்) மீட்க வேண்டியிருந்தால் அந்த வரம்பு சீக்கிரம் தாண்டிவிடும். டிரெய்லருக்கும் சரக்குக்கும் தனித்தனி காப்பு வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கிளெய்ம் நடைமுறையில் மிகப் பலவீனமான இடம் காத்திருப்பு. "அசெசர் வரும்வரை தொடாதீர்கள்" என்பார்கள். பெருவெள்ளத்துக்குப் பின் அசெசர் வர வாரக்கணக்காகலாம், துரு அதுவரை காத்திருக்காது. சேதம் பெருகாமல் பார்ப்பதும் பாலிசிப்படி உங்கள் கடமை. எனவே, 'நாளை இன்ன நேரத்துக்கு எண்ணெய் இறக்கி, சிலிண்டருக்குள் காப்பு எண்ணெய் விடுகிறோம், ஆள் அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள்' என்று ஈமெயில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஞ்சின் எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள சம்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் அடியில் நிற்கும் தண்ணீர் முதலில் வரும். அதை வாளியில் பிடித்துப் படம் எடுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வேண்டும். துளை வழியே பீறிடும் தண்ணீர் எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டயல் கேஜில் ஆறு பிஸ்டனின் உச்சி உயரத்தையும் ஒப்பிட்டால் வளைந்த ராடு தாழ்ந்து காட்டிக்கொடுக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எண்ணெயையும் இறக்கிப் பாருங்கள். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். டீசல் டாங்கைப் பார்க்காமல் விட்டுவிட்டால், 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர் செட்டுக்குத் தனியாக அழ வேண்டியிருக்கும்.

எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தால் மட்டும் வெள்ளம் என்று ஆகிவிடாது. ஈஜிஆர் கூலர் (புகைக் குளிர்விப்பான்) ஓட்டை, ஹெட் கேஸ்கெட் சேதம், சிலிண்டர் லைனர் அரிப்பு எதுவானாலும் அதே நிறம்தான், அசெசரின் முதல் சந்தேகமும் அதுதான். ஆகவே சுத்தமான இரண்டு பாட்டிலில் சாம்பிள் பிடித்து, ஒன்றை வேர்செக் போன்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, மற்றொன்றை சீல் வைத்து வைத்திருங்கள். சாம்பிளில் கிளைக்கால் இருந்தால் அது ரேடியேட்டர் கூலன்ட். கிளைக்கால் இல்லாமல் மண்ணின் சிலிக்கான் ஏறியிருந்தால் வெளித் தண்ணீரின் பக்கம் வாதம் சாயும். பரிசோதனைக் கூடத்தின் இந்த ஒரு தாளுக்கு முன் பத்துப் பக்கக் கடிதம் நிற்காது.

பணத்துக்கு வருவோம். எஞ்சினைப் பிரித்து மதிப்பிடும் கூலியை, கிளெய்ம் மறுக்கப்பட்டால் யார் தருவது என்று பிரிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பழைய எஞ்சினுக்குப் புது லைனர் கிட் போட்டால் 'பெட்டர்மென்ட்' (முன்பைவிட வண்டி மேம்பட்டுவிட்டது) என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். அந்தச் சதவீதத்தை வாதாடிக் குறைக்கலாம், சர்வீஸ் பில்கள் இருந்தால். வண்டி பேங்க் கடனில் இருந்தால் மொத்த நஷ்டத் தொகை முதலில் பேங்குக்கே போகும். வாட் பதிவுள்ளவர்கள் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள்: ரொக்கமாக வரும் இழப்பீட்டில் 15/115 பங்கு அவுட்புட் வரி. 460,000 ரேண்ட் வந்தால் 60,000 வரித்துறைக்கு.

மறுப்புக் கடிதம் வந்தால் காரணமும் கெடு தேதிகளும் அதில் இருக்க வேண்டும். பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி மறுமனுவுக்கு 90 நாள், அதற்குமேல் வழக்குக்குக் குறைந்தது 6 மாதம். யார்டில் நின்று மூழ்கிய வண்டிக்கு 'டயர் தேய்ந்திருந்தது' என்று காரணம் எழுதினால், தேய்ந்த டயருக்கும் எஞ்சினில் போன தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று எழுத்திலேயே கேளுங்கள். அதற்குமேல், புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் (குறைதீர்ப்பாளர்) திட்டம் 2024 மார்ச் முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை. புரோக்கர் தவறாக வழிகாட்டியிருந்தால் அது நிதி ஆலோசகர்கள் மீதான புகாரைப் பார்க்கும் ஃபெய்ஸ் ஆம்பட் வேலை.

ஒன்றிரண்டு வண்டி வைத்து ஓட்டுபவர் இந்தப் பாலிசியை வாங்கலாம், ஆனால் வருமான இழப்புக் காப்பைச் சேர்க்காமல் வாங்கினால் அது பாதிப் பாலிசி. அதில் எத்தனை நாள் வரை தருவார்கள், நாள் எண்ணிக்கை எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். 'ரிப்பேருக்கு அனுமதி கொடுத்த நாளிலிருந்து' என்று எழுதியிருந்தால் அசெசருக்காக வண்டி நின்ற வாரங்கள் எதுவும் கணக்கில் வராது.