அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் சிக்னல் எங்கே அறுகிறது

சென்ற ஆண்டு மாசி மாதம், புளி உலுக்கும் பருவத்தில், மாமா மரத்திலிருந்து விழுந்தார். அக்கா அதை எனக்குச் சொன்னபோது நான் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் இருந்தேன். இரவு வேலை முடித்து, ஜூபிளி வழித்தட ரயிலில் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கனடா வாட்டருக்கும் கேனரி வார்ஃபுக்கும் நடுவே, ரயில் ஆற்றைக் கடக்கும் சுரங்கத்தில், போன் அடித்தது. "இடுப்பெலும்பு போய்விட்டது தம்பி, தருமபுரி அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்" என்று அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த கதையைப் பிறகுதான் சொன்னாள். மாமா விழுந்த இடத்திலிருந்து 108-ஐ அழைக்க முடியவில்லை. மூன்று பேர் கையில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சிம் இருந்தும் ஒன்றிலும் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய் அழைத்து, வண்டிக்கு வழி சொல்லி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் மாமா மரத்தடியில் அசையாமல் கிடந்திருக்கிறார்.

என் வேலையே சிக்னல்தான். லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் அலைபேசி இணைப்புக்கான கம்பிவடம் இழுத்து, சோதித்துப் பார்க்கும் இரவுக் குழு ஒன்றில் இருக்கிறேன். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நடந்தது ஆற்றுக்கு அடியில் எனக்குக் கேட்டது. கூப்பிடு தொலைவில் இருந்த ஆம்புலன்ஸுக்குக் கேட்கவில்லை. அது மனத்தைவிட்டு இறங்கவே இல்லை. எனவே இந்தத் தை மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, சோதனைக் குறிப்பு எழுதும் நோட்டு ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையில், நாட்றாம்பாளையம் பக்கம் இருக்கிறது அக்கா வீடு.

பெங்களூரில் இறங்கியதும் முதல் அடி என் பழைய இந்திய எண்ணில் விழுந்தது. அது செத்துப்போயிருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்: 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் எண்ணை முடக்கிவிடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி சொல்கிறது. 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாட்கள் நீட்டிப்பார்கள். எனக்கு வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் முழுவதும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஓசூரில் புது சிம் வாங்குவது கால் மணி நேர வேலையாக இருந்தது. ஆதார் எண்ணும் கைரேகையும் போதும். வங்கியில் எண்ணை மாற்றத்தான் இரண்டு நாட்கள் அலைந்தேன். பிரிட்டன் எண்ணையே வைத்து, என்.ஆர்.ஐ. கணக்கில் யு.பி.ஐ. பயன்படுத்த 2023 முதல் வழி இருக்கிறது. பத்து நாடுகளுக்கு அந்த வசதியைக் கொடுத்தார்கள். கிளம்புமுன் அதை ஏற்பாடு செய்திருந்தால் இரண்டு நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து ஓசூருக்கு நேராக பஸ் ஏறியிருக்கலாம். தொழில் ஆசை விடவில்லை; மெட்ரோவில் போனேன். பச்சை வழித்தடம் மெஜஸ்டிக், சிக்பேட், கே.ஆர். மார்க்கெட் வரை பூமிக்கு அடியில் ஓடி, நேஷனல் காலேஜ் வரும்போது மேலேறுகிறது. அம்மாவிடம் பேசிக்கொண்டே போனேன். சுரங்கத்தில் ஓரிடத்தில் குரல் கரகரத்ததே தவிர, அழைப்பு அறுபடவில்லை. ஆர்.வி. ரோட்டில் மாறி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடத்தில் பொம்மசந்திரா வரை போய்விட்டால் அத்திப்பள்ளி எல்லை பக்கம்தான். அங்கே பஸ்ஸில் எல்லையைத் தாண்டும்போது பேச்சு அறுந்தது. கர்நாடகமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். போன் ஒரு வட்டத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும் இடத்தில் இப்படி ஆவது வழக்கம். அரை நிமிடத்தில் மறுபடியும் பேசினோம்.

ஓசூரில் கிடைத்த வேகத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு 5ஜி-யில் சோதித்தேன். ஈஸ்ட் ஹாம் வீட்டு ஜன்னலோரத்தில் எனக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-இல்தான். அதற்குள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான பெருமை. ஊர் திரும்பும் நம்மவர்கள் பெரும்பாலும் இதோடு நின்று, "அங்கேயே நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தேன்கனிக்கோட்டை வரையிலும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அஞ்செட்டி பஸ் மலைச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் நடத்துநர் சத்தமாகச் சொன்னார்: "போனில் பணம் அனுப்புகிறவர்கள் இப்போதே அனுப்பிவிடுங்கள். கீழே போனால் சில்லறைதான்." யாரும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித்தேடியே பேட்டரியைத் தின்றுவிடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. நாங்கள் பயிற்சி வகுப்பில் படித்தது அது.

பிறகு வந்தது காடு. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்த பகுதிகள். யானை நடமாடும் இடம். அஞ்செட்டிக் கடைவீதியில் சிக்னல் நன்றாகவே இருந்தது. ஊரைத் தாண்டி இரண்டு வளைவு திரும்பியதும் மூன்று கோடு ஒன்றானது, பிறகு பெருக்கல் குறி. அடுத்த ஊர் வந்ததும் மறுபடியும் கோடுகள். ஊர் முடிந்தால் மறுபடியும் இருட்டு. மூன்றாவது முறை இப்படி ஆனபோது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. 2012-இல் லண்டன் சுரங்க ரயில் இருந்த நிலை இதுதான்.

அந்த ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காக நிலையங்களில் வைஃபை வைத்தார்கள். ரயில் நிலையத்தில் நிற்கும்போது செய்தி வரும். கதவு மூடிச் சுரங்கத்துக்குள் போனால் நின்றுவிடும். பல ஆண்டுகள் அப்படியே ஓடின. 2020 மார்ச்சில்தான் ஜூபிளி வழித்தடத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கேனிங் டவுன் வரை, நிலையம் மட்டுமல்லாமல் சுரங்கத்துக்குள்ளும் 4ஜி வந்தது. 2021-இல் மற்ற வழித்தடங்களுக்கும் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை. ரயில் ஓடாத நள்ளிரவு ஒரு மணி முதல் நாலரை வரைதான் எங்களுக்குக் கிடைக்கும் நேரம். ஆட்கள் இறங்கி, கருவிகளை இறக்கி, மறுபடி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்து வெளியே கொண்டுவரும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

அங்கே நிலையத்தில் பெரிய ஆன்டெனாவை வைத்தால் போதாது. ஆழமான சுரங்கங்களின் உள்விட்டம் மூன்றரை மீட்டர் அளவுதான்; ரயில் உள்ளே நுழைந்தால் குழாயில் தக்கை அடைத்தது போல. ஆன்டெனாவின் அலை ரயிலின் முகத்தில் மோதி நின்றுவிடும், வளைவில் திரும்பாது. அதனால்தான் சுவரோரமாக நெடுகக் கம்பிவடம் இழுக்கிறோம். அதன் மேலுறையில் வரிசையாகச் சிறு பிளவுகள் இருக்கும். சொட்டுநீர்க் குழாய் செடிக்குச் செடி நீர் விடுவதுபோல், அந்தப் பிளவுகள் வழியே அலை பாதை முழுவதும் கசியும். சிக்னல் இருக்கும் இடத்துக்கு ரயில் வரும்வரை காத்திருக்காமல், ரயில் போகும் இடமெல்லாம் சிக்னலைக் கொண்டுபோவதுதான் அதன் சூத்திரம்.

அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் கம்பிவடம் இழுக்கச் சொல்லவில்லை. ஆனால் மலை மடிப்பு சுரங்கத்தைப் போலவே நடந்துகொள்கிறது. மேட்டில் ஒரு உயர்ந்த கோபுரம் வைத்தால், அது எதிர்மேட்டைப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில், பள்ளத்தில் ஓடும் சாலையையும் புளியந்தோப்பையும் பார்க்காது. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை சற்று வளைந்து போகும். 5ஜி-க்கு நகரங்களில் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் ஒரு பாறையைக்கூடச் சுற்றி வராது. ஆகவே ஓசூரின் வேகத்தை இங்கே கேட்பது என் நோக்கம் அல்ல. ஒரு அழைப்பு அறுபடாமல் போனால் போதும். அதற்கு வேண்டியது சாலையோரமாகப் பள்ளத்துக்குப் பள்ளம் சிறிய கோபுரங்கள், சூரிய மின்தகடு, நல்ல பேட்டரி. நான் அங்கே இருந்தபோது ஒரு நாள் காலையில் போன மின்சாரம் மாலைவரை வரவில்லை. மதியத்துக்குள் பக்கத்து ஊருக்குள் இருந்த சிக்னலும் போய்விட்டது. கோபுரத்தின் பேட்டரி அவ்வளவுதான் தாங்கியது.

அக்கா வீட்டிலிருந்து மேட்டுக்கு நடந்து போக இருபது நிமிடம். ஊரில் அதற்கு 'டவர் மேடு' என்று பெயர். டவர் ஏதும் அங்கே இல்லை. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் அங்கே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்கள். ரேஷன் கடை விற்பனையாளர் கைரேகை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வரும் நாட்களும் உண்டு. வயதானவர்கள் மேடேறி வந்து ரேகை வைத்துவிட்டு, அரிசி வாங்க மறுபடியும் இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. களி கிண்டிக் கிண்டி, புளி தட்டித் தட்டித் தேய்ந்துபோன விரல்கள். நான்கு முறை வைத்துப் பார்த்தார்கள். இயந்திரம் சுற்றிச் சுற்றி நின்றபோது, அது பாட்டியின் விரலாலா, சிக்னலாலா என்று விற்பனையாளருக்கும் தெரியவில்லை.

காசு இல்லை என்ற பதில் இதற்குப் பொருந்தாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 விழுக்காட்டை, இப்படி லாபம் வராத ஊர்களுக்காக என்றே ஒரு நிதிக்குச் செலுத்துகின்றன. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அந்த மேடேறும் பாட்டியின் பேரன் போடும் ரீசார்ஜிலும் அந்தப் பங்கு இருக்கிறது. 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெரிய வேலை, வரவேற்கிறேன். என் குறை ஒன்றுதான்: கணக்கு கிராமத்தில் நின்றுவிடுகிறது. கிராமத்துக்குச் சிக்னல் வந்துவிட்டால் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக். கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே உள்ள ஆறு கிலோமீட்டர் யார் கணக்கிலும் இல்லை. மனிதர்கள் மரத்திலிருந்து விழுவதும், பைக்கில் யானையை எதிர்கொள்வதும், பிரசவ வலியோடு ஜீப்பில் போவதும் அந்த ஆறு கிலோமீட்டரில்தான். நிறுவனங்கள் தங்கள் சேவை எல்லையை வரைபடமாக இணையத்தில் போட வேண்டும் என்று ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. வரைபடத்தில் எங்கள் சாலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா விழுந்த தோப்பு வண்ணம் பூசிய பகுதிக்குள் இருந்தது.

அதனால் நானும் அக்கா மகனும் சேர்ந்து அளந்தோம். பதினோராம் வகுப்புப் படிக்கிறான். நான்கு நாட்கள், யானைக்குப் பயந்து காலை எட்டு மணிக்கு மேல்தான் கிளம்புவோம். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி, மூன்று நிறுவனங்களின் சிம்மிலும் சிக்னல் அளவைக் குறித்தோம். போன் இந்த அளவைக் கழித்தல் எண்ணில்தான் காட்டும்; கழித்தல் 80 என்றால் நல்ல சிக்னல், கழித்தல் 110-க்குக் கீழே போனால் பேச்சு தடுமாறும், 120-ஐத் தாண்டினால் இணைப்பே நிற்காது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றில் இல்லாத இடத்தில் இன்னொன்றில் இருந்தால் தனியாக ஒரு நட்சத்திரம் போட்டான். அப்படிப்பட்ட இடத்தில் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் எட்டும் எந்தக் கோபுரம் வழியாகவும் அழைப்பு போகும். நம் சிம்முக்கு உரிய நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. இதை ஊரில் பலருக்குச் சொன்னேன், யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாமாவின் தோப்பில் நட்சத்திரமும் போட முடியவில்லை. மூன்றும் வெறுமை.

ஜனவரி 26 கிராம சபையில் அந்தப் பட்டியலை மனுவோடு கொடுத்தோம். கல்லுக்குக் கல் எண் போட்ட பட்டியலைப் பார்த்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்குத் தெரிந்த இடத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். "நாலாவது கல்லுக்கு அப்புறம் பாலத்தில் நின்றால் கொஞ்சம் கிடைக்கும், எழுதிக்கொள் கண்ணு" என்றார் ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா. நாங்கள் நான்கு நாட்களில் கண்டுபிடிக்காத மூன்று இடங்களை அவர் சொன்னார். சாலை நெடுக இணைப்பு வேண்டும் என்ற தீர்மானம் பதிவேட்டில் ஏறியது. மாமா கோலை ஊன்றிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

நான் கிளம்பும்போது ஒகேனக்கல் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் அளக்காமல் இருந்தது. நோட்டை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். போன வாரம், வேலை முடித்துத் திரும்பும்போது, கேனரி வார்ஃப் வருவதற்கு முன்பே ஒரு படம் வந்தது. நோட்டின் ஒரு பக்கம், அவன் கையெழுத்தில் ஐந்து கற்களின் எண்கள், இரண்டு நட்சத்திரங்கள். கீழே எழுதியிருந்தான்: "மீதி நாலு கிலோமீட்டர் தேர்வு முடிந்ததும் மாமா. இதை அனுப்ப மேட்டுக்கு வந்திருக்கிறேன்."