அடிக்கடி நின்றுபோன கம்ப்யூட்டரும் மஞ்சள் காட்டிய ஹார்ட் டிஸ்க்கும்

2018இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இது. 8 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். கல்யாணப் பத்திரிகை, வினாத்தாள், நோட்டீஸ் என்று என் டிடிபி வேலை முழுவதும் இதில்தான். நான்கைந்து வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் சும்மா உறைந்து நிற்கும். மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசையாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்துக் கவனித்ததில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியது, படிக்கும் வேகமோ ஏறக்குறைய பூஜ்யம். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும். போகப்போக நீலத் திரை வர ஆரம்பித்தது. பெரும்பாலும் அதில் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றிருக்கும். விண்டோஸ் தனக்கு வேண்டியதை டிஸ்க்கிலிருந்து ரேமுக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் போனால் வருவது இது. டிஸ்க், கேபிள், ரேம் எதுவும் காரணமாக இருக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறக்காமலே "வைரஸா இருக்கும் சார், ஃபார்மட் போட்டுடலாம்" என்றார்கள். டி டிரைவைத் தொடாமல் விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். சில நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இனி நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் முதலில் கண்ணில் படுவது 41ஆம் எண், கெர்னல் பவர். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று மறுபடி ஆன் ஆகும்போது எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். ஏன் அணைந்தது என்பதற்கு அதற்கு முந்தைய பதிவுகளைப் பார்க்க வேண்டும். எனக்கு அங்கே டிஸ்க் என்ற பெயரில் 7ஆம் எண் வரிசையாக இருந்தது. பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடம், இருக்கிறது என்று பொருள். ரேமை விட்டுவிடக் கூடாதே என்று ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

அடுத்து கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. இலவசம், சின்ன மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும். என்னுடையது மஞ்சளில் 'காஷன்', அதாவது எச்சரிக்கை, என்றது. நிறத்தோடு நின்றுவிடாமல் நான்கு வரிகளைப் பார்க்க வேண்டும். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னத் துண்டுகள்). சி5 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 திருத்தவே முடியாதவை. சி7 மட்டும் வேறு சாதி: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் டேட்டா சிதைந்த கணக்கு, அநேகமாக கேபிள் கோளாறு. இன்னொன்று, இந்த எண்களை அது பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று இருந்தால் 16 என்று படிக்க வேண்டும். செட்டிங்கில் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு சி5, சி6, சி7 மூன்றிலும் எண் இருந்தது. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன். சி7 எண் குறையவே குறையாது, ஏறாமல் நின்றால் போதும். நின்றுவிட்டது. உறைவதும் பாதியாகக் குறைந்தது. ஆனால் சி5 மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஆக, கோளாறு இரண்டு. கேபிளோடு நிறுத்தியிருந்தால் சரியாகிவிட்டது என்றே நினைத்திருப்பேன்.

இந்த நிலையில் எல்லோரும் சொல்வது, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் பிழை பார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டு என்பது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேட் செக்டார் தேடும் செக்டிஸ்க், டிஸ்க்கை முழுதாகப் படிக்க வைக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அந்த உழைப்பே எமன். முதலில் காப்பி, அப்புறம்தான் வைத்தியம். வாடிக்கையாளர் ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, மீதிக்கு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன். அதன் அழகே, நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்ப வருவதுதான். நடுவில் நிறுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டிஸ்க் சூடேறியபோது நிறுத்தி, ஆறவிட்டுத் தொடர்ந்தேன். முக்கால்வாசி வேகமாக முடிந்து, கடைசித் துண்டுகளுக்குத்தான் நேரமெல்லாம் போனது. சில பழைய நோட்டீஸ் ஃபைல்கள் திறக்கவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. செக்டிஸ்க்கை அந்தப் புதிய காப்பியின் மேல் ஓட்டினேன்.

இப்போது விண்டோஸ் எஸ்எஸ்டியில், ஃபைல்கள் புதிய ஹார்ட் டிஸ்க்கில். மாற்றியதிலிருந்து நீலத் திரை வரவில்லை. ஆனாலும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நீல நிறத்தில் 'குட்' என்று காட்டுகிறதே என்று நான் நிம்மதியாக இருப்பதில்லை. 2007இல் கூகுள்காரர்கள் தங்களுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் பாதிக்கும் மேல், அவர்கள் முக்கியம் என்று கண்ட நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதனால் மஞ்சளை நம்புகிறேன், நீலத்தை நம்புவதில்லை. வாராவாரம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன்.

பழைய டிஸ்க்கை முழுக்க பூஜ்யத்தால் எழுதி அழித்தேன். எழுதும்போதுதான் டிஸ்க் அந்தக் காத்திருப்பு செக்டார்களுக்கு ஒரு முடிவு கட்டும். சி5 பூஜ்யத்துக்கு இறங்கி, 05 ஏறியது. குணமாகிவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்கு இனி வைத்துக்கொள்ள மாட்டேன். அக்கா மகன் அதை எக்ஸ்டர்னல் டிஸ்க் கூட்டுக்குள் போட்டு, சினிமாப் படம் ஏற்றிக்கொண்டு போகிறான். போனால் படம்தானே.