கிளெய்ம் போடலாமா, கைக்காசைப் போடலாமா?

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னியில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஏப்ரல், மே வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: வீட்டுச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கிளெய்ம் போடுவதா, கைக்காசில் சரிசெய்வதா? ஆலங்கட்டி மழை ஓய்ந்த மறுநாளே கூரை மாற்றித் தரும் ரூஃபர்கள் கதவைத் தட்டுவார்கள். "கிளெய்ம் போடுங்க, புது ரூஃப் வந்துடும்" என்பார் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர். "போட்டா பிரீமியம் ஏறிடும், வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. எவ்வளவு சேதம் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், எதனால் சேதம் என்று பார்க்க வேண்டும்.

டெக்சாஸ் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. 3 ஆண்டுகளில் 2 கிளெய்ம் போட்டிருந்தால் பாலிசியைப் புதுப்பிக்கும்போது கம்பெனி கூடுதல் கட்டணம் போடலாம். 3 ஆண்டுகளில் 3 ஆகிவிட்டால் புதுப்பிக்கவே மறுக்கலாம். ஆனால் ஆலங்கட்டி, புயல் போன்ற இயற்கைச் சேதங்கள் இந்த எண்ணிக்கையில் வராது. 2021 பிப்ரவரி உறைபனியில் வெடித்த குழாய் இயற்கையின் கணக்கு. அதே குழாய் பழசாகிக் கசிந்தால் உங்கள் கணக்கு.

அப்படியானால் ஆலங்கட்டிக்கு யோசிக்காமல் கிளெய்ம் போடலாமா? பிரீமியத்துக்குப் பயந்து தயங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஊர் முழுக்க ஆலங்கட்டி அடித்தால் கம்பெனி அந்தப் பகுதிக்கே விலையை ஏற்றும். நீங்கள் கிளெய்ம் போடாமல் இருந்ததற்காக உங்களை மட்டும் விட்டுவைக்காது. தயங்க வேண்டிய இடம் டிடக்டிபிள், அதாவது கம்பெனி தருவதற்கு முன் நீங்கள் போட வேண்டிய பங்கு.

இங்கே காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் பெரும்பாலும் வீட்டின் காப்புத்தொகையில் 1% அல்லது 2%. காப்பு 5 லட்சம் டாலர் என்று வையுங்கள். 2% என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் பாக்கெட்டிலிருந்து. ரூஃப் மாற்ற 18,000 ஆகிறது என்றால் கம்பெனி தருவது 8,000. 1% எடுத்திருந்தால் 13,000 வந்திருக்கும். அந்த 1%-க்காக ஆண்டுக்கு 500 டாலர் கூடக் கேட்கிறார்கள் என்றால், 10 ஆண்டுக்குள் ஒருமுறை ரூஃப் போனால்தான் லாபம். வடக்கு டெக்சாஸில் அது நடக்கக்கூடியதே. அதனால் பிரீமிய வித்தியாசம் இந்த 500-ஐச் சுற்றி இருந்தால் நான் 1% பக்கம்தான்.

அப்புறம் பலர் படிக்காமல் விடும் ஒரு வரி. ரூஃப் பழசானால் அதன் தேய்மானம் போக மிச்ச மதிப்பை மட்டும் தரும் பாலிசிகள் இருக்கின்றன. அதே 18,000 டாலர் ரூஃப் பாதி ஆயுளைக் கடந்திருந்தால் மதிப்பு 9,000. டிடக்டிபிள் 10,000. கைக்கு வருவது பூஜ்யம். முழு மாற்றுவிலை தரும் பாலிசியிலும் முதல் செக்கில் தேய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த ரசீதைக் காட்டிய பிறகே மீதியைத் தருவார்கள். வீட்டுக் கடன் இருந்தால் அந்தச் செக்கில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயரும் சேர்ந்தே வரும். அவர்கள் கையெழுத்துக்கு அலைவது தனிக் கதை.

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர் வரும்போது கவனியுங்கள். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் 10 அடிக்கு 10 அடி சதுரம் வரைந்து, அதற்குள் ஆலங்கட்டி பட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு எண்ணுவார். ஷிங்கிள் என்ற கூரைத் தகட்டின் மேலிருக்கும் மணல் உதிர்ந்து கறுப்பாகத் தெரியும் இடம்தான் அடி. மழைநீர்க் குழாயும் ஏசி தகடும் நசுங்கியிருந்தால் அதுவும் சாட்சி. "டிடக்டிபிளை நான் பார்த்துக்கிறேன்" என்று ரூஃபர் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அது இங்கே குற்றம். டிடக்டிபிள் கட்டியதற்கு ஆதாரம் காட்டச் சொல்லிக் கம்பெனி கேட்கலாம். புது ரூஃப் போடும்போது ஆலங்கட்டியைத் தாங்கும் 4-ஆம் வகுப்பு ஷிங்கிள் போட்டால் பிரீமியத்தில் தள்ளுபடியும் கிடைக்கலாம். கிளெய்ம் போட்ட பிறகு பிரீமியம் குறைவதும் உண்டு என்றால் வாட்ஸ்அப் குழுவில் யாரும் நம்பமாட்டார்கள்.

தண்ணீர்க் கசிவுக்கு இந்தத் தாராளம் வேண்டாம். சமையலறை சிங்க்குக்குக் கீழே குழாய் விட்டுப்போய் 4,500 டாலருக்குத் தரை வீணாகிறது, டிடக்டிபிள் 2,500 என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 2,000. பிரீமியம் 4,000, அதில் கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி 10% இருந்து அது போனால் ஆண்டுக்கு 400. 5 ஆண்டில் வந்த 2,000 போய்விட்டது. கூடவே அந்த 3 ஆண்டுக் கணக்கில் ஒன்று ஏறியிருக்கும். ஒருமுறை கசிந்த வீடு மறுபடியும் கசியும் என்பது கம்பெனிகளின் நினைப்பு. இந்தத் தொகைக்கு நான் கைக்காசுதான் போடுவேன். 20,000 டாலருக்குச் சுவரும் தரையும் போயிருந்தால் பேச்சே இல்லை, கிளெய்ம்தான். அதற்குத்தானே பிரீமியம் கட்டுகிறோம். வெளியிலிருந்து வீட்டுக்குள் புகும் வெள்ளம் இந்தப் பாலிசியில் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

சரி, ஏறினால் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் க்ளூ ரிப்போர்ட் வருகிறது. லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனம் வைத்திருக்கும் இந்தப் பதிவேட்டில் 7 ஆண்டுக் கிளெய்ம்கள் இருக்கும். பணம் வராமல் பூஜ்யத்தில் முடிந்த கிளெய்மும் அதில் நிற்கும். மேலே சொன்ன எண்ணிக்கை விதி இப்போதைய கம்பெனி புதுப்பிப்பதைப் பற்றியது. புதிதாகப் போகும் கம்பெனி இந்தப் பதிவைப் பார்த்துத்தான் விலை சொல்லும். ஆகவே கம்பெனியின் கிளெய்ம் எண்ணை அழைப்பதற்கு முன், நம்பிக்கையான ரூஃபரிடமோ பிளம்பரிடமோ மதிப்பீடு வாங்கிவிடுங்கள். ஏஜென்ட்டிடம் பேசும்போது "சும்மா விவரம் கேட்கிறேன், கிளெய்ம் போடவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் விசாரணையை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த டெக்சாஸ் சட்டம் விடாது.

இந்த ரிப்போர்ட்டை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம். அது ஆளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் சேர்ந்தது. பழைய வீடு வாங்கப்போகிறவர்கள், விற்பவரிடம் அவருடைய க்ளூ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.